வலது சுண்டுவிரலைக் கேட்டு வாங்கிய கீபோர்டு

தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்கிறவர், ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போனால், யூடியூபில் கேம் ஆடும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் தன் வலது கைச் சுண்டுவிரலைக் கேட்பது நல்லது. ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு உள்ள எழுத்து ஒன்றே ஒன்று, 'பி'. சுற்றியிருப்பவை எல்லாம் அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்பு, சாய்கோடு என்று எப்போதாவது தேவைப்படும் குறிகள். தமிழ் 99-இல் அதே இடங்களில் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. 18 மெய்களில் 6. மூன்றில் ஒரு பங்குச் சுமை, கையிலேயே பலம் குறைந்த விரலின் தலையில். 'செய்ய' என்று அடித்துப் பாருங்கள். நான்கு தட்டில் மூன்று சுண்டுவிரலுடையது. 'ஜலகண்டேஸ்வரர்' என்று அடித்தால் இன்னும் மோசம். கிரந்த எழுத்துகள் இடது கைப் பக்கம் இருப்பதால், ஜ வரும்போதும் ஸ வரும்போதும் வலது ஷிப்டை அழுத்துவதும் இதே விரல்தான். வேலூர்க் கோட்டைக் கோயில் பெயர் என் வேலையில் அடிக்கடி வரும், அதனால் சொல்கிறேன்.

என் பிழைப்பு இரண்டு மேசைகளில் நடக்கிறது. பகலில் தோட்டப்பாளையத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகம்: டேலி என்ற கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு. இரவில் சத்துவாச்சாரி வீட்டில் அச்சகங்களுக்குத் தமிழ் அடித்துக் கொடுப்பது: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், ஓய்வு பெற்ற ஆசிரியர் யாராவது எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. பகல் முழுக்க எண், இரவு முழுக்க எழுத்து. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக அமைத்த கதை இது.

இதில் என்னை இழுத்துவிட்டவன் காட்பாடியில் இன்ஜினீயரிங் படிக்கும் அக்கா பையன். ஒரு ஞாயிறு மதியம் தன் கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, இதுல ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்க. அப்புறம் உங்க கீபோர்டைத் தொடவே மாட்டீங்க" என்றான். நீல சுவிட்ச் போட்டது. தட்டச்சுப் பள்ளியில் கோத்ரெஜ் மிஷினில் லோயர், ஹையர் முடித்தவன் நான். ஒவ்வொரு தட்டுக்கும் 'டக்' என்று பதில் சொல்லும் அந்தப் பலகையைத் தொட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. உள்ளறையில் படுத்திருந்த அம்மாவிடமிருந்தும் பதில் வந்தது: "இன்னாடா சத்தம் அது, பட்டப் பகல்ல மிஷின் ஓட்டிக்கினு இருக்கே?"

அந்த ஒரு கேள்வியிலேயே நீல சுவிட்ச் வீட்டுக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் விரலுக்குக் கிடைத்த சுகம் போகவில்லை. ஏன் அப்படி இருக்கிறது என்று பார்க்க, அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கீபோர்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன்.

சாதா கீபோர்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடு போட்டிருப்பார்கள். நடுத் தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஓட்டை. மேலே ரப்பர் குமிழ். விசையை அழுத்தினால் குமிழ் மடங்கி மேல் தாளை அமுக்கும்; அது ஓட்டை வழியே கீழ்த் தாளைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதாவது அடி வரைக்கும் அழுத்தியே ஆக வேண்டும். நாள்பட ரப்பர் தளர்ந்தால் எந்த விசை எப்போது விழும் என்று விரலுக்குத் தெரியாமல் போகும். உடனே எல்லாவற்றையும் ஓங்கிக் குத்த ஆரம்பிப்போம். மாலையில் விரல் மூட்டு வலிப்பது அதனால்தான்.

மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு தனி சுவிட்ச். நடுவில் தண்டு, அதன் அடியில் ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு உலோகத் தகடுகள். தண்டு இறங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்துச் சிவப்பு சுவிட்சில் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மீதிப் பாதி சும்மா. பழகிய விரல் அந்தப் பாதியிலேயே திரும்பி வந்துவிடும். வேகமும் அதில்தான் இருக்கிறது, வலி குறைவதும் அதில்தான்.

இதெல்லாம் புதுச் சரக்கு இல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் மாடல் எம் கீபோர்டு 1985-இல் வந்தது. அதில் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் வளைந்து மடங்கும். இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நடுவில் விலை குறைக்கும் போட்டியில் ரப்பர் குமிழ் ஜெயித்துவிட்டது. செர்ரி சுவிட்ச் வடிவமைப்பின் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே அளவில் சுவிட்ச் செய்து குவித்தன. என் மாதிரி ஆள் மூவாயிரம் சொச்சத்தில் ஒரு நல்ல பலகை வாங்க முடிவது அதனால்தான்.

சுவிட்சில் மூன்று சாதி. எந்தத் தடையும் இல்லாமல் நேராக இறங்குவது லீனியர். பாதி வழியில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்குவது போல விரலுக்கு உணர்த்துவது டாக்டைல். அந்த மேட்டோடு 'டக்' சத்தமும் போடுவது கிளிக்கி. சிவப்பு லீனியர், பழுப்பு டாக்டைல், நீலம் கிளிக்கி என்று செர்ரி வைத்த நிறக் கணக்கைத்தான் பெரும்பாலும் மற்றவர்களும் பின்பற்றுகிறார்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, எடையையும் பார்க்க வேண்டும். செர்ரி சிவப்புக்கு ஏறக்குறைய 45 கிராம் அழுத்தம் போதும். கறுப்பும் லீனியர்தான், ஆனால் அதற்கு 60 கிராம் வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது விசைகளுக்கு அடியில் எரியும் வண்ண விளக்குகளின் எண்ணிக்கைதான். இந்த எடையைப் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கும்.

அந்த விளக்கு விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் அம்மன் கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி ஒரு பலகை ஓடிக்கொண்டிருந்தால் கட்சிக்காரர் கணக்கை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விடுவார். வாங்கினதும் முதல் வேலை, அணைத்துவிடுங்கள்.

அக்கா பையன் புதுசு வாங்கிக்கொண்டு, பழைய நீலத்தை என்னிடமே விட்டுப் போனான். "மாமா, ஓ மட்டும் எப்பவாச்சும் ரெண்டு தடவ உழும். மத்தபடி சூப்பர்" என்று சொல்லித்தான் கொடுத்தான். ஆங்கிலத்தில் அது சின்னக் குறை. 'ஓ' இரட்டித்தால் பெரும்பாலும் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். தமிழ் 99-இல் அந்த ஆங்கில 'ஓ' விசையில் ட இருக்கிறது. அதோடு இன்னொரு வசதியும் இருக்கிறது: ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி விழும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? வீடு வீட்டு ஆகும். ஓடு ஓட்டு ஆகும். நாடு நாட்டு, கூடு கூட்டு, பாடு பாட்டு. எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தப் பிழைதிருத்தியும் வாயைத் திறக்காது. ஒரு கும்பாபிஷேக மலரின் படி அச்சுக்குப் போவதற்கு முன்னால் மெய்ப்பு பார்க்கும் ஐயா, "என்ன தம்பி, எல்லா வீடும் வீட்டுன்னு நிக்குது, வேற்றுமை உருபைக் காணோமே?" என்று கேட்டார். இலக்கணம் தெரிந்த கீபோர்டு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த இரட்டிப்புக்குக் காரணம் எளிது. தகடுகள் இரண்டும் தொடும்போது ஒரே அடியில் ஒட்டிக்கொள்வதில்லை. மிகச் சின்னதாகத் துள்ளி, விட்டுத் தொட்டு, பிறகுதான் நிலைக்கும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்க, கீபோர்டின் உள்ளே இருக்கும் சில்லு சில மில்லிசெகண்டு காத்திருக்கும். தகட்டில் தூசியோ களிம்போ படிந்தால் துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டிவிடும். சில்லு அதை இரண்டாவது தட்டு என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் வீடு பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் மேசையில் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு புழுதி.

முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தகடுகளைக் கழுவிப் பார்த்தேன். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், செல்போன் சர்வீஸ் பண்ணுகிறவர்கள் எல்லாரிடமும் இருக்கும். இணைப்பைப் பிடுங்கி, விசையின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்து இடுக்கில் ஊசியால் இரண்டு சொட்டு விட்டு, படபடவென்று நிறைய முறை அழுத்தி விட்டேன். காய்ந்த பிறகு நன்றாக வேலை செய்தது. பிறகு மெல்ல மெல்லப் பழைய குணம் திரும்பிவிட்டது. தகட்டின் மேல்பூச்சு தேய்ந்திருந்தால் கழுவிப் பிரயோஜனம் இல்லை, சுவிட்சையே மாற்றியாக வேண்டும்.

இந்தப் பலகையில் சுவிட்ச் ஈயத்தால் பற்றவைத்தது. மேலே ஒரு இரும்புத் தகடு, கீழே சர்க்யூட் பலகை, நடுவில் சுவிட்ச் கவ்விக்கொண்டு நிற்கும். தகட்டையும் பலகையையும் பிரிக்க வேண்டுமானால் அத்தனை சுவிட்சையும் ஈயம் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் மாற்ற அவ்வளவு தேவையில்லை. பின்பக்க மூடியைத் திறந்து அந்தச் சுவிட்சின் இரண்டு கால்களிலும் ஈயத்தை உறிஞ்சி எடுத்தால் மேல் பக்கமாக இழுத்துவிடலாம். விளக்கு உள்ள பலகையில் இன்னொரு சிக்கல் வரும். இந்தப் பலகை போன்ற சில மாடல்களில் எல்இடி விளக்கின் கால்கள் சுவிட்ச் வழியாகவே கீழே இறங்கியிருக்கும். அதையும் ஈயம் எடுத்துக் கழற்றினால்தான் சுவிட்ச் வெளியே வரும். திரும்ப வைக்கும்போது எல்இடியின் நீளக் காலும் குட்டைக் காலும் இடம் மாறக் கூடாது. கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

என் கையில் ஈயம் வைக்கும் கோல் இருந்தது, உறிஞ்சி இல்லை. தெரு முனையில் டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இப்போது டிவி வருவது குறைந்து மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று பார்க்கிறார். பலகையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், நாலு காலுதானே? இதுக்குப் போயி... உக்காருங்க" என்று சொல்லி, டீ வருவதற்குள் எடுத்துவிட்டார். அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நுணுக்கம் ஒன்று: பழைய ஈயம் உருக மறுத்தால் கோலை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது, பலகையில் உள்ள செப்பு வட்டம் உரிந்துவிடும். அதன் மேலேயே கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்த்தால் இரண்டும் கலந்து சட்டென்று இளகும், அப்போது உறிஞ்ச வேண்டும். புது சுவிட்ச் வைத்துப் பற்றவைத்ததும் வீடு வீடாகவே நின்றது.

ஆனாலும் இந்தப் பலகையை இரவில் பயன்படுத்த முடியவில்லை. சித்திரை, வைகாசியில் பரவாயில்லை. வேலூர் வெயிலுக்கு மின்விசிறி முழு வேகத்தில் ஓடும், அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. மார்கழியில் விசிறியை நிறுத்தினால் தெருவுக்கே கேட்கும். இன்னொரு பக்கம், எழுபது பக்க வேலை ஒன்றை முடித்த இரவில் வலது சுண்டுவிரலின் அடி மூட்டு தனியாக வலித்தது. மற்ற ஒன்பது விரலுக்கும் ஒன்றும் இல்லை. நீல சுவிட்ச் கேட்கும் அழுத்தம் ஆள்காட்டி விரலுக்கு விளையாட்டு, சுண்டுவிரலுக்குத் தண்டனை.

அப்போதுதான் ஜப்பானின் டோப்ரே நிறுவனம் ரியல்ஃபோர்ஸ் என்ற பெயரில் விற்கும் கீபோர்டுகளைப் பற்றிப் படித்தேன். அவற்றில் ஒரு வகையில் விரலுக்குத் தகுந்தபடி விசையின் எடையே மாறும்: 30, 45, 55 கிராம். சுண்டுவிரலுக்கு 30. விலை எனக்குக் கட்டாது. ஆனால் யோசனையைக் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாமே.

அதற்கு வேண்டியது ஹாட்-ஸ்வாப் பலகை. ஈயம் கிடையாது; சுவிட்சின் கால்கள் ஒரு சின்ன சாக்கெட்டில் செருகி நிற்கும். இடுக்கியால் பிடுங்கலாம், விரலால் அமுக்கிப் பொருத்தலாம். வீட்டுக்கு 75 சதவீத அளவு என்று சொல்லும், எண் பட்டை இல்லாமல் 84 விசைகள் உள்ள ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வாங்கும் முன் கவனிக்க வேண்டியது, சாக்கெட் எந்த வகை என்பது. சில மலிவுப் பலகைகளில் அவுட்டெமு சுவிட்சின் ஒல்லிக் கால் மட்டுமே நுழையும் துளைதான் இருக்கும். கேட்டரான், கைல் நுழையாது. பிறகு மூன்று கால், ஐந்து கால் விவகாரம். ஐந்தில் கூடுதலாக இருக்கும் இரண்டும் வெறும் பிளாஸ்டிக், நிலையாக நிற்பதற்காக வைத்தது. பலகையில் அதற்குத் துளை இல்லாவிட்டால் நகவெட்டியால் நறுக்கிவிட்டுச் செருகலாம். செருகும்போது உலோகக் கால் இரண்டும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பலகைக்கு அடியில் ஒரு விரலை வைத்துத் தாங்கிக்கொண்டு அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் மடங்கும், அல்லது சாக்கெட் பிய்ந்து வரும்.

எல்லா விசைக்கும் பழுப்பு வகை டாக்டைல் போட்டேன். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் தனி ஏற்பாடு. கேட்டரானில் கிளியர் என்று ஒரு லீனியர் உண்டு, 35 கிராம் வாக்கில் இறங்கிவிடும். அதை ண, ச, ஞ, ந, ய, ழ ஆறிலும் போட்டுப் பார்த்ததில் ஐந்து சொர்க்கம், ஒன்று தொல்லை. சுண்டுவிரல் சும்மா இருக்கும்போது உட்காரும் இடம் ந. அவ்வளவு இலேசான சுவிட்சின் மேல் விரலை வைத்து யோசித்துக்கொண்டிருந்தால் விரலின் எடைக்கே ந விழுகிறது. ஆகவே ந-வுக்கு மட்டும் 45 கிராம் சிவப்பு. வலது ஷிப்டுக்கும் சிவப்பு. மற்ற ஐந்துக்கும் கிளியர். ஒரே விரலுக்குள்ளேயே இரண்டு எடை தேவைப்படும் என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பெட்டிகளைத் தமிழ் அடிக்கிறவரை நினைத்து யாரும் அச்சடிப்பதில்லை.

இப்போது 'நியாயம்', 'செய்யாமை', 'ஞாயிறு' எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடுகின்றன. பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் அடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு எழுத்துகள் வேறு இடங்களில் இருக்கின்றன. வழி ஒன்றுதான். ஒரு பக்கம் அடித்துவிட்டு எந்த விரல் முதலில் சலிக்கிறது என்று பார்த்து, அந்த விசைகளை மட்டும் மாற்றுங்கள்.

சிலர் கேட்டார்கள், தமிழுக்கென்று தனியாகக் கீபோர்டு வாங்க வேண்டாமா என்று. வேண்டாம். பலகை கணினிக்கு அனுப்புவது எந்த விசை அழுந்தியது என்ற எண்ணை மட்டும்தான். அதைத் தமிழாக்குவது கணினிக்குள் இருக்கும் மென்பொருள். நான் இ-கலப்பை வைத்திருக்கிறேன், விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. பார்த்து அடிக்கிறவர்களுக்கு மட்டும் ஸ்டிக்கர் தேவைப்படும், அதுவும் கோடை வியர்வையில் ஓரம் தூக்கிக்கொள்ளும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்திய அமைப்பு இது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில் என்ற ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் சில வாரங்களில் கண் தேவைப்படாது.

அலுவலகத்தின் கதை வேறு. அங்கே எண் பட்டை இல்லாத கீபோர்டைக் கொண்டுபோனால் வேலையே நடக்காது. 33 என்று தொடங்கும் 15 இடத்து ஜிஎஸ்டி எண்களும் தொகைகளும் நாள் முழுக்க. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாட்களான மாதம் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் நாங்கள் நால்வரும் வலது கையை எண் பட்டையிலிருந்து எடுப்பதே இல்லை. மேல் வரிசையும் வேண்டும்: டேலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். அழகாகத் தெரிகிறதே என்று 60 சதவீதப் பலகை வாங்கினால் இந்த வரிசையும் அம்புக் குறிகளும் தனியாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசை அழுத்த வேண்டும். கணக்கு வேலைக்கு அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். முழு அளவில் 104 விசை. கொஞ்சம் நெருக்கி அடுக்கி எண் பட்டையையும் வைத்திருப்பதை 96 சதவீதம் என்கிறார்கள். மேசையில் ஃபைல்களுக்கு இடம் வேண்டுமே என்று அதை எடுத்தேன்.

சுவிட்ச் சைலன்ட் லீனியர். தண்டின் மேலும் கீழும் சின்ன ரப்பர் ஒட்டியிருக்கும். இடிக்கும் சத்தத்தை அது விழுங்கிவிடும். அடிக்கும்போது கொஞ்சம் சதசதப்பாகத் தெரியும், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஆடிட்டர் சார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் என் விருப்பம் இரண்டாம்பட்சம்.

எண் பட்டைக்கு மட்டும் சைலன்ட் டாக்டைல். எழுத்தில் ஒன்று கூடினால் கண் பிடித்துவிடும். 45,500 என்பது 455,500 ஆனால் பல சமயம் பிடிக்காது, தொகை பொருந்தாதபோதுதான் தெரியும். அதற்குள் மாலை ஆகிவிடும். விசை இறங்கிவிட்டது என்று விரலுக்கு ஒரு மேடு சொன்னால் எண்ணில் நம்பிக்கை வருகிறது. பக்கத்து மேசை அக்கா இருபது வருடமாக எண் அடிக்கிறவர். என் பட்டையில் ஒரு பக்கம் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எண்ணு நல்லா இருக்கு தம்பி. எழுத்துதான் சேத்துல கைய வெச்ச மாதிரி இருக்கு" என்றார். மறுக்க முடியவில்லை.

அங்கே சத்தத்துக்குப் பாதிக் காரணம் கீபோர்டே இல்லை, மேசை. எங்களுடையவை பழைய ஸ்டீல் மேசைகள். உள்ளே வெற்றிடம், எதை வைத்தாலும் முழங்கும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நண்பன் தடிமனான தோல் துண்டு ஒன்று கொடுத்தான், வெட்டியது போக மிஞ்சியது. சொரசொரப்பான பக்கம் கீழே வருமாறு விரித்து அதன் மேல் பலகையை வைத்ததும் பாதிச் சத்தம் அடங்கியது. ரப்பர் விரிப்பும் இதைச் செய்யும். ஆனால் தோல் துண்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை.

மீதிச் சத்தம் நீள விசைகளுடையது. ஸ்பேஸ், என்டர், ஷிப்ட், எண் பட்டையின் சைபர் இவற்றின் அடியில் விசை கோணாமல் இறங்க ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பி பிளாஸ்டிக் குழியில் ஆடுவதுதான் 'கடகட'. கழற்றி, கம்பியின் இரண்டு முனையிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தாராளமாகவே தடவினேன். சுவிட்சுக்கு உள்ளே தடவக் கிரைடாக்ஸ் 205 என்ற கிரீஸைப் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது விலை அதிகம், ஒவ்வொரு சுவிட்சாகத் திறந்து தூரிகையால் தடவும் பொறுமையும் வேண்டும். நான் ஸ்பேஸ் சுவிட்சுக்கு மட்டும் தடவினேன், போதும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம். முதலாவது மார்கழியில் உறைந்து பிசினாகும். இரண்டாவது நீர்த்து ஓடித் தகட்டில் இறங்கும், அப்புறம் புழுதியைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கீகேப்பில் ஏபிஎஸ், பிபிடி என்று இரண்டு பிளாஸ்டிக். ஏபிஎஸ் சீக்கிரம் வழவழத்து எண்ணெய்ப் பளபளப்பு வந்துவிடும். பிபிடி சொரசொரப்பாக நிற்கும், மே மாதத்து வியர்வைக் கையிலும் வழுக்காது. எழுத்து அழியக் கூடாது என்றால், எழுத்தையே வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்த டபுள்ஷாட் வகை பாருங்கள். புழுதி அதிகமுள்ள வீட்டுக்குக் கைல் நிறுவனத்தின் பாக்ஸ் வகை சுவிட்ச் நல்லது. தொடும் தகடுகள் தனிப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும், தூசியும் தண்ணீரும் புகாமல் தடுப்பதற்கான ஐபி56 தரம் என்று சொல்லி விற்கிறார்கள். என் வீட்டில் ட, க, ம மூன்றுக்கும் அடுத்த முறை அதைத்தான் போடப் போகிறேன்.

இந்தப் பலகைகள் சாதாவை விட உயரம். பின்பக்கக் காலை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், மடக்கியே வையுங்கள். முன்னால் மணிக்கட்டுக்கு ஒரு திண்டு இருந்தால் நல்லது.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. காட்பாடிப் பக்கம் படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் பிள்ளைகள் நல்ல பலகைகளை மலிவாக விட்டுப் போவார்கள். வாங்கும் முன் மடிக்கணினியில் நோட்பேடைத் திறந்து, தமிழ் 99-ஐப் போட்டு, ஒவ்வொரு மெய்யையும் அடுத்தடுத்து அகரத்தோடு பத்துப் பத்து தடவை மெதுவாக அடியுங்கள்: க, அ, க, அ என்று. நடுவில் எங்காவது ஒரு புள்ளி முளைத்தால் அந்த விசை இரட்டிக்கிறது என்று பொருள். ஹாட்-ஸ்வாப் பலகையாக இருந்தால் கவலைப்படாமல் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். ஈயம் வைத்ததாக இருந்தால், தெருவில் டிவி மெக்கானிக் இன்னும் கடை திறந்து வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.